முதல் பெரிய பைக்கே இத்தாலிய பைக்காக இருக்கலாமா?

இரண்டாம்கியர் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். லைசென்ஸ் வாங்கி அதிக நாள் ஆகவில்லை. இதுவரை ஓட்டியதெல்லாம் என் தம்பியின் 150 சிசி பைக்தான். நாற்பதைத் தாண்டிய பிறகு எனக்கே எனக்கென்று ஒரு வண்டி வாங்கப் போகிறேன். அது இத்தாலிய வண்டியாக இருக்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. ஏன் என்று கேட்டால் நியாயமான காரணம் எதுவும் என்னிடம் இல்லை. பெரிய வி-ட்வின் என்ஜின் (வி வடிவில் இரண்டு சிலிண்டர்) ஐடிலில் நிற்கும்போது வரும் அந்த ஒழுங்கற்ற துடிப்பு பிடிக்கும், அவ்வளவுதான்.

என் தொழில் தையல் மெஷின் ரிப்பேர். அதனால் ஸ்பேனர் பிடிக்கப் பயமில்லை. ஃபீலர் கேஜ், டைமிங் பெல்ட், கேம் என்றெல்லாம் யாராவது பேசினால் புரியும். வண்டியைக் கீழே போட்டுவிடுவேனோ என்பதுதான் பயம். உயரம் 158 செ.மீ. வார இறுதியில்தான் ஓட்டுவேன், மற்ற நாட்களில் மூடி நிறுத்தியிருக்கும்.

மனதில் இருப்பவை: மோட்டோ குஸ்ஸி வி7, டுகாட்டி ஸ்க்ராம்ப்ளர், அப்ரிலியா டுவோனோ 457. இவை தவிர பழைய டுகாட்டி மான்ஸ்டர் ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது. அதைப் பார்த்ததிலிருந்து தூக்கம் சரியாக இல்லை.

நான் கேட்க வந்தது: இத்தாலிய வண்டி அடிக்கடி நின்றுவிடும் என்று எல்லோரும் சொல்வது இன்றைக்கும் உண்மையா? டுகாட்டியின் வால்வு முறையை டெஸ்மோ என்று சொல்லிப் பயமுறுத்துகிறார்களே, அதில் அப்படி என்ன இருக்கிறது? என்னைப் போலப் புதிதாக வருகிறவர் இவற்றில் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது?

கிளட்ச்கேபிள்:

வேண்டாம் மேடம்.

வண்டி கெட்டது என்று சொல்லவில்லை. 150 சிசியிலிருந்து நேராக 800-க்குப் போகிறீர்கள். புதிதாக ஓட்டுகிறவர்கள் வண்டியைச் சாய்ப்பது பெரும்பாலும் வேகத்தில் அல்ல. நிற்கும்போது, திரும்பும்போது, சரளைக்கல்லில் காலை ஊன்றும்போது. சாதாரண வண்டி என்றால் ஒரு லிவர், ஒரு கண்ணாடி, ஒரு இண்டிகேட்டரோடு போகும். அந்த லிவரே ஆர்டர் போட்டுக் காத்திருக்க வேண்டிய பொருள் என்றால், ஒவ்வொரு முறை வண்டியை எடுக்கும்போதும் பயந்துகொண்டே எடுப்பீர்கள். பயந்துகொண்டு ஓட்டினால் ஓட்டுவதே வராது.

இரண்டாம் கையில் ஏதாவது 300, 400 சிசி ஜப்பானிய வண்டி வாங்குங்கள். ஒரு வருஷம் நன்றாகத் தேய்த்து ஓட்டிவிட்டு விற்றுவிடுங்கள். இத்தாலிக்காரர்கள் எங்கேயும் ஓடிப்போக மாட்டார்கள்.

ஷாஃப்ட்டிரைவ்:

கிளட்ச்கேபிள் சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். மீதிப் பாதிக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். நான் கார் கியர்பாக்ஸ் பிரித்துச் சேர்க்கிற ஆள். பழைய 750 சிசி வி7 ஒன்று என்னிடம் பல வருஷமாக இருக்கிறது. அதற்கு முன்னால் வேறு இரண்டு இத்தாலிய வண்டிகள் வைத்திருந்தேன். ஆகவே கொஞ்சம் பாரபட்சம் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த "நின்றுவிடும்" கதை. அது பொய்யாகக் கிளம்பிய கதை அல்ல. எழுபது, எண்பதுகளில் வந்த வண்டிகளில் என்ஜின் உள்ளே அழகாக இருக்கும். சுவிட்ச், ஒயரிங், ரெக்டிஃபையர் எல்லாம் வேண்டாவெறுப்பாகச் செய்தது போல இருக்கும். கம்பெனிகளும் நிலையாக ஒரே கையில் இல்லை. டுகாட்டி அரசாங்கத்தின் கையிலிருந்து 1985-ல் கஜிவா என்ற இத்தாலிய பைக் கம்பெனியிடம் போனது, 1996-ல் ஒரு அமெரிக்க முதலீட்டு நிறுவனத்திடம், 2012-ல் ஆடி (Audi) கார் கம்பெனியிடம். குஸ்ஸியை 1973-ல் கார் தயாரிப்பாளர் டி டொமாசோ வாங்கினார். 2000-ல் அப்ரிலியா வாங்கியது. 2004-ல் அப்ரிலியாவையும் சேர்த்து பியாஜியோ வாங்கிக்கொண்டது. முதலாளி மாறும் ஒவ்வொரு முறையும் ஸ்பேர் பார்ட்ஸ் வரத்து தடுமாறும். வண்டி ஓடாமல் நின்றதைவிட, பாகம் வராமல் நின்றதுதான் அதிகம்.

இன்றைக்கு ஆடி, பியாஜியோ இரண்டும் பெரிய வீடுகள். எம்வி அகஸ்டாவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நல்லது. அதை ஹார்லி-டேவிட்சன் 2008-ல் வாங்கி 2010-லேயே திருப்பிக் கொடுத்துவிட்டது. அதற்குப் பிறகும் கை மாறிக்கொண்டே இருக்கிறது. சுவரில் மாட்டி வைக்கலாம் போல அவ்வளவு அழகு. முதல் வண்டியாக வேண்டாம்.

பெயர் மட்டும் இத்தாலியாக இருப்பதும் உண்டு. பெசாரோவில் 1911-ல் தொடங்கிய பெனெல்லி 2005 முதல் சீனாவின் சியான்ஜியாங் கம்பெனியுடையது. மோட்டோ மொரினியும் 2018 முதல் சீனக் கையில்தான். அதனால் வண்டி மட்டம் என்று ஆகிவிடாது. நீங்கள் எதை வாங்குகிறீர்கள் என்று தெரிந்து வாங்குங்கள், அவ்வளவுதான். டுகாட்டிக்கே தாய்லாந்தில் ஒரு தொழிற்சாலை இருக்கிறது.

சரி, டெஸ்மோ. மற்றவர்களுக்கு இதைப் புரியவைக்கப் படம் போட வேண்டும், உங்களுக்குத் தேவையில்லை. பழைய தையல் மெஷினில் நூலை மேலே இழுக்கும் லிவர் இருக்கிறதல்லவா? உள்ளே பள்ளம் வெட்டிய கேம், அந்தப் பள்ளத்தில் ஓடும் ஒரு சின்ன உருளை. லிவரை மேலே தள்ளுவதும் அந்தப் பள்ளம்தான், கீழே இழுப்பதும் அந்தப் பள்ளம்தான். ஸ்பிரிங்கை நம்பி எதுவும் இல்லை. டெஸ்மோவும் அதே யோசனை. சாதாரண என்ஜினில் கேம் வால்வைத் திறக்கும், ஸ்பிரிங் மூடும். டெஸ்மோவில் மூடுவதற்கும் தனியாக ஒரு கேம் மேடு, தனியாக ஒரு ராக்கர், அதாவது வால்வை அசைக்கும் கை. டுகாட்டியில் ஃபாபியோ டாலியோனி 1956-ல் 125 சிசி ரேஸ் வண்டியில் இதைப் போட்டார். அந்தக் காலத்து ஸ்பிரிங் அதிக வேகத்தில் பின்தங்கும், சமயத்தில் உடையும். அதற்கு இது நல்ல பதில். 1968-ல் தெருவில் ஓடும் வண்டிக்கும் வந்துவிட்டது.

இதனால் உங்களுக்கு என்ன ஆகும் என்றால், ஒவ்வொரு வால்வுக்கும் இரண்டு இடைவெளி பார்க்க வேண்டும்: திறக்கும் பக்கம் ஒன்று, மூடும் பக்கம் ஒன்று. ஸ்க்ராம்ப்ளரின் 803 சிசி என்ஜினில் மொத்தமே நாலு வால்வு, ஆக எட்டு இடைவெளி. பிற்கால மான்ஸ்டர்களில் சிலிண்டருக்கு நாலு வால்வு, அங்கே பதினாறு. ஒவ்வொன்றுக்கும் சரியான தடிமனில் ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் சின்ன உலோகத் துண்டு) தேட வேண்டும். முடியாத வேலை இல்லை. பொறுமையும் அளவெடுக்கும் கையும் வேண்டும். உங்களிடம் இரண்டும் இருக்கும் என்று நினைக்கிறேன். ஆனால் கடையில் கொடுத்தால் பில் வலிக்கும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், டுகாட்டியே மெல்ல மெல்ல இதிலிருந்து விலகிக்கொண்டிருக்கிறது. 2020-ல் மல்டிஸ்ட்ராடாவுக்காக வந்த வி4 என்ஜினில் ஸ்பிரிங்தான். வால்வு பார்ப்பது 60,000 கி.மீ.க்கு ஒருமுறை. 2024-ல் அறிமுகமான 890 சிசி வி2-விலும் ஸ்பிரிங்தான். பழைய விசுவாசிகள் மூக்கைச் சிந்தினார்கள். எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

இப்போது உங்கள் பட்டியல்.

டுவோனோ 457: மூன்றிலும் புதியவருக்கு எளிமையானது இதுதான். 457 சிசி, ஐரோப்பாவில் புதியவர்களுக்கான ஏ2 லைசென்ஸின் 35 கிலோவாட் வரம்புக்கு அளவெடுத்துச் செய்தது போல 47.6 குதிரைத்திறன். பெட்ரோலோடு 175 கிலோ. பேரலல் ட்வின்தான், அதாவது சிலிண்டர் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில். ஆனால் கிராங்க் 270 டிகிரி, வெடிப்புகள் சம இடைவெளியில் வராது என்பதால் நீங்கள் சொன்ன அந்த ஒழுங்கற்ற துடிப்பு ஓரளவு கிடைக்கும். சீட் 800 மி.மீ. என்ஜின் அதிக வேகத்தில் சுழல விரும்பும் ரகம்.

ஸ்க்ராம்ப்ளரை வைத்திருப்பவர்கள் சொல்லட்டும். ஒன்று மட்டும் நான் சொல்கிறேன், எடையைக் காகிதத்தில் ஒப்பிடும்போது கவனம். டுகாட்டி இப்போதெல்லாம் எடையைப் பெட்ரோல் இல்லாமல் போடுகிறது. குஸ்ஸி பெட்ரோலோடு போடுகிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் ஏறக்குறைய முக்கால் கிலோ. டேங்கை நிரப்பினால் பத்து கிலோவுக்கு மேல் கூடும். 185 என்று போட்டிருப்பதையும் 218 என்று போட்டிருப்பதையும் அப்படியே எதிரெதிரே வைக்கக்கூடாது.

வி7: என் வீட்டுப் பிள்ளை, அதனால் குறையை முதலில் சொல்லிவிடுகிறேன். எடை உண்டு. இப்போதைய 853 சிசி வண்டி 2021-ல் வந்தபோது 65 குதிரைத்திறன்தான். எண்ணைப் பார்த்து வாங்குகிறவர்கள் சிரிப்பார்கள். கிராங்க் வண்டியின் நீளவாக்கில் சுழல்வதால் நின்றபடி ஆக்சிலரேட்டரை முறுக்கினால் வண்டி வலப்பக்கம் லேசாகத் தோளை அசைக்கும். முதல் முறை திடுக்கென்று இருக்கும், ஓடும்போது தெரியாது.

அடுத்தது எல்லோரும் சொல்லாமல் விடுவது. வி7-ன் கிளட்ச் ஒற்றைத் தட்டு உலர் கிளட்ச். கார்களில் இருப்பது போல. பெரும்பாலான பைக்குகளில் கிளட்ச் எண்ணெயில் மூழ்கிக் கிடக்கும். புதிதாகக் கற்கிறவர் மெதுவாகத் திரும்பிப் பழகும்போது கிளட்சைப் பாதியில் பிடித்துத் தேய்த்துக்கொண்டே இருப்பார். எண்ணெயில் கிடக்கும் கிளட்ச் அதைத் தாங்கிக்கொள்ளும். உலர் கிளட்சில் கொஞ்ச நேரத்தில் தீய்ந்த வாடை வரும். மாற்ற வேண்டுமென்றால் கியர்பாக்ஸை என்ஜினிலிருந்து பிரிக்க வேண்டும். அதனால் வட்டம் போடுகிற பயிற்சியை உங்கள் தம்பியின் வண்டியிலேயே முடித்துவிட்டு வாருங்கள். கிளட்ச்கேபிள் சொன்னதில் நான் ஒப்புக்கொள்ளும் பாதி இதுதான்.

இப்போது நல்லது. சீட் 780 மி.மீ. செயின் கிடையாது, ஷாஃப்ட். எண்ணெய் தெளிக்கும் வேலை, இழுவை பார்க்கும் வேலை இரண்டும் மிச்சம். வால்வு பார்ப்பது 10,000 கி.மீ.க்கு ஒருமுறை. அடிக்கடி என்று தோன்றும். ஆனால் சிலிண்டர் இரண்டும் இரு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. டேங்கைக் கழற்ற வேண்டாம், ஃபேரிங் என்று எதுவும் இல்லை. மூடியைத் திறந்தால் ராக்கர், திருகு, லாக் நட். ஃபீலர் கேஜை நுழைத்து, திருகைத் திருப்பி, நட்டை இறுக்கினால் முடிந்தது. என்ஜின் ஆறியிருக்க வேண்டும், பிஸ்டன் கம்ப்ரெஷன் முடிவில் மேலே நிற்க வேண்டும். இந்த இரண்டையும் கவனித்தால் போதும். நான் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ரேடியோ கேட்டுக்கொண்டே செய்வேன். தையல் மெஷின் ஹூக் டைமிங் வைக்கிற கைக்கு இது விளையாட்டு.

கீழே விழும் பயத்துக்கு: சாய்ந்தால் முதலில் தரையில் படுவது அந்த வால்வு மூடிதான். என்ஜின் கார்டு போட்டுவிடுங்கள். பெண்கள், உயரம் குறைந்தவர்கள் நிறையப் பேர் வி7 வைத்திருக்கிறார்கள். காரணம் சீட் உயரம் மட்டுமில்லை, எடை கீழே இருக்கிறது.

உங்களுக்கு நான் சொல்வது வி7-தான். ஆசைப்பட்டது துடிப்பு, கையில் இருப்பது ஸ்பேனர், ஓட்டுவது வார இறுதி. இந்த மூன்றுக்கும் பொருந்துகிற வண்டி வேறு எது என்று எனக்குத் தெரியவில்லை.

மஞ்சள்டேங்க்:

ஸ்க்ராம்ப்ளர் ஓட்டுகிறேன், 2015-ல் வந்த முதல் தலைமுறை. ஷாஃப்ட்டிரைவ் அண்ணன் ஏற்கெனவே கல்யாணத்தை முடித்துவிட்டார் போலிருக்கிறது. இருந்தாலும் சொல்கிறேன்.

அகலமான ஹேண்டில்பார், நிமிர்ந்து உட்காரும் நிலை, அதனால் நெரிசலில் திருப்புவது சுலபம். எழுபதுக்கும் மேல் குதிரைத்திறன், ஆனால் மிரட்டும் ரகம் இல்லை. மிரட்டுவது மூன்றாவது கியரில் 2,500 ஆர்.பி.எம்.முக்குக் கீழே ஊர்ந்தால் வரும் உதறல். வி-ட்வினைச் சிங்கிள் சிலிண்டர் 150 போல உயர்ந்த கியரில் இழுக்கவிட முடியாது. ஒரு கியர் கீழே வையுங்கள், கிளட்சில் இரண்டு விரல் எப்போதும் இருக்கட்டும். 2023-ல் வந்த அடுத்த தலைமுறையில் ரைட்-பை-வயர் (கேபிளுக்குப் பதில் எலக்ட்ரானிக் ஆக்சிலரேட்டர்) வந்த பிறகு ஆக்சிலரேட்டர் மென்மையாகிவிட்டது. நண்பருடையதை ஓட்டிப் பார்த்தேன், பொறாமையாக இருந்தது.

சூடு பற்றி யாரும் பேசவில்லை. பின் சிலிண்டர் உங்கள் தொடைக்குக் கீழேதான் இருக்கிறது. சிக்னலில் நின்றால் தெரியும். ஜீன்ஸ் மெல்லியதாக இருந்தால் நன்றாகவே தெரியும். குஸ்ஸியில் இரண்டு சிலிண்டரும் காற்றுக்குள் நீட்டிக்கொண்டிருப்பதால் அந்தத் தொல்லை குறைவு. இதை நானே ஒத்துக்கொள்கிறேன்.

சர்வீஸ்: 12,000 கி.மீ.க்கு ஒருமுறை டெஸ்மோ பார்க்க வேண்டும். கேம் பெல்ட் ஐந்து வருஷம் ஆனால் ஓட்டாவிட்டாலும் மாற்ற வேண்டும். நீங்கள் வார இறுதி மட்டும் ஓட்டுகிறவர் என்றால் கிலோமீட்டரைவிட வருஷம்தான் முதலில் வரும். மீட்டரில் ஒன்றும் ஏறவில்லையே, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றும். ரப்பருக்கு அது தெரியாது.

இரண்டாம்கியர்:

ஷாஃப்ட்டிரைவ் அண்ணா, நூல் இழுக்கும் லிவரைச் சொன்னதும் சிரித்துவிட்டேன். பட்டறையில் ஒரு பழைய மெஷினைத் திறந்து வைத்துக்கொண்டு கையால் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தேன். இனி யாரும் என்னை டெஸ்மோ என்று சொல்லிப் பயமுறுத்த முடியாது.

வி7-ல் உட்கார்ந்து பார்த்தேன். இரண்டு பாதமும் முழுதாகத் தரையில் படவில்லை, முன்பாதம் இரண்டும் நன்றாக ஊன்றுகிறது. சைடு ஸ்டாண்டிலிருந்து நிமிர்த்தும்போதுதான் எடை தெரிந்தது. விற்பனை செய்யும் தம்பி என்னிடம் பேசாமல் என்னோடு வந்த என் அண்ணனிடமே எல்லாவற்றையும் விளக்கிக்கொண்டிருந்தார். அண்ணனுக்கு சைக்கிளே சரியாக ஓட்டத் தெரியாது.

ஆனால் அந்த மான்ஸ்டர்! விட முடியவில்லை. 2006 மாடல், காற்றில் குளிரும் என்ஜின், சிவப்பு, குழாய்களைப் பின்னியது போன்ற அந்த ஃபிரேம் அப்படியே வெளியே தெரிகிறது. மீட்டரில் மிகக் குறைவாகத்தான் ஓடியிருக்கிறது. "ஆசையாக வைத்திருந்தேன், ஓட்டவே இல்லை" என்கிறார் விற்பவர். இப்படிக் குறைவாக ஓடியிருந்தால் நல்லதுதானே? அதைப் பார்க்கப் போனால் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

ஷாஃப்ட்டிரைவ்:

ஓட்டவே இல்லை என்பதுதான் பிரச்சினை.

அந்த வண்டியின் மேல் ஆசை வருவது புரிகிறது. மிகுவேல் கல்லூசி வரைந்த மான்ஸ்டர் 1993 முதல் ஓடுகிறது. டுகாட்டியைத் தூக்கி நிறுத்தியதே அதுதான். 2021 மாடலில் அந்தக் குழாய் ஃபிரேமை எடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து பழையதற்கு மவுசு கூடிவிட்டது. ஆனால் நிற்கிற வண்டி கெடுகிற வண்டி. போய்ப் பார்ப்பதாக இருந்தால் இந்த வரிசையில் பாருங்கள்.

பெல்ட் எப்போது மாற்றியது? "சமீபத்தில்" என்பது பதில் இல்லை, பில் வேண்டும். பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்த பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதும். அதற்குப் பிறகு நீங்கள் வாங்குவது வண்டி இல்லை, உதிரிபாகக் குவியல். பெல்ட்டும் வால்வும் பார்த்து முடிக்கும் வரை ஸ்டார்ட் செய்துகூடப் பார்க்க வேண்டாம் என்று சொல்கிற மெக்கானிக்குகள் உண்டு. நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன், ஆனால் வேகமாக ஓட்டிப் பார்க்க மாட்டேன்.

டேங்க். 2000-களில் டுகாட்டி பல மாடல்களில் பிளாஸ்டிக் டேங்க் போட்டது. எத்தனால் கலந்த பெட்ரோல் நின்றுகொண்டே இருந்தால் அந்தப் பிளாஸ்டிக் உறிஞ்சி ஊதிவிடும். டேங்க் ஃபிரேமில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா, முன்பக்க கொக்கி சிரமப்படாமல் கழல்கிறதா, பெயின்ட் எங்காவது கொப்புளித்திருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். முதலில் அது இரும்பா பிளாஸ்டிக்கா என்று ஒரு காந்தம் கொண்டுபோய் ஒட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

மின்சாரம். மல்டிமீட்டர் உங்களிடம் இருக்கும். என்ஜின் ஓடும்போது, கொஞ்சம் ஆக்சிலரேட்டர் கொடுத்து, பேட்டரி முனையில் 13.5-க்கும் 14.5 வோல்ட்டுக்கும் நடுவே வர வேண்டும். குறைந்தாலும் ரெகுலேட்டர் மேல் சந்தேகம், கூடினாலும் அதே சந்தேகம். பேட்டரி களைத்திருந்தால் பெரிய ட்வினை விடாமல் ஸ்டார்ட் அடிக்காதீர்கள். பாதி சுற்றி உதைத்துத் திரும்பினால் ஸ்டார்ட்டரின் ஒருவழி கிளட்ச் அடிவாங்கும். இந்த ஒரு காரணத்துக்காகவே, எந்த வண்டி வாங்கினாலும், வாரக்கணக்கில் நிற்கப்போகிறது என்றால் பேட்டரி மெயின்டெய்னர் (மெதுவாகச் சார்ஜ் ஏற்றி வைக்கும் கருவி) ஒன்று வாங்கிச் செருகி வையுங்கள். சும்மா நிற்கும்போதும் கடிகாரம், இம்மொபிலைசர் (திருட்டுத் தடுப்புப் பூட்டு) எல்லாம் சொட்டுச் சொட்டாகக் குடித்துக்கொண்டேதான் இருக்கும்.

சாவி இரண்டும் இருக்கிறதா? அந்தக் கால வண்டிகளோடு சாவிக்கான ரகசிய எண் உள்ள ஒரு கோட் கார்டு வரும். அது தொலைந்து, இம்மொபிலைசரும் மக்கர் செய்தால், சாவி கையில் இருந்தும் வண்டி நகராது. டயரின் பக்கச் சுவரில் நாலு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு வருஷம். ஓட்டவே இல்லை என்கிறார் அல்லவா, டயரும் வண்டி வந்த வருஷத்தையே காட்டினால் அவர் சொல்வது உண்மை; டயரை எறிந்துவிட வேண்டும். கிளட்ச் உலர் வகையாக இருந்தால் கிளட்ச் லிவரைப் பிடிக்கும்போது சில்லறை குலுக்குவது போல ஒரு சத்தம் கேட்கும். அது நோய் இல்லை, அதன் குரலே அப்படித்தான். வெளிச் சந்தை சைலன்சர் போட்டிருந்தால் பழையது எங்கே என்று கேளுங்கள். அந்த அலறலை ரசிக்கிறவர்கள் மேல் எனக்குத் தனியாக ஒரு கோபம் உண்டு, அது இங்கே வேண்டாம்.

பாகங்கள் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஃபில்டர், பிரேக் பேடு, பெல்ட், கேபிள் எல்லாம் பல கம்பெனிகள் செய்கின்றன, கிடைக்கும். சிக்கல் வருவது சின்னச் சின்ன விசேஷப் பொருளில். ஒருமுறை என் வண்டி ஒன்றுக்கு, எந்த கம்பெனி என்பது வேண்டாம், ஒரு சென்சார் தேவைப்பட்டது. ஆர்டர் போட்ட நேரம் ஜூலை கடைசி. ஆகஸ்டில் இத்தாலியில் தொழிற்சாலைகள் வாரக்கணக்கில் மூடிக்கிடக்கும், 15-ம் தேதி ஃபெர்ரகோஸ்தோ விடுமுறையை ஒட்டி நாடே கடற்கரைக்குப் போய்விடும். எங்கள் ஆர்டரும் அவர்களோடு கடற்கரைக்குப் போய்விட்டது. அதிலிருந்து எனக்குத் தேவையானதை ஜூன் மாதமே வாங்கி வைத்துவிடுவேன்.

அந்த மான்ஸ்டரை வாங்கக்கூடாது என்று சொல்ல மாட்டேன். உங்களைப் போன்ற ஒருவர் கையில் அது பிழைக்கும். ஆனால் முதல் வருஷம் நீங்கள் ஓட்டக் கற்பீர்களா, அதைச் சரிசெய்யக் கற்பீர்களா என்று யோசியுங்கள். இரண்டையும் ஒரே வண்டியில் ஒரே நேரத்தில் செய்தால், கோளாறு வண்டியிலா உங்கள் ஓட்டத்திலா என்றே தெரியாது. இழுக்கிறதே, கார்புரேஷனா என் கையா என்று குழம்புவீர்கள். அந்த வருஷ மாடலில் கார்புரேட்டரே கிடையாது, இன்ஜெக்‌ஷன். ஆனால் குழப்பம் அதேதான்.

கிளட்ச்கேபிள்:

மேடம், உங்களுக்கு மல்டிமீட்டர், ஃபீலர் கேஜ் எல்லாம் தெரியும் என்று தெரிந்திருந்தால் அவ்வளவு வேகமாக "வேண்டாம்" போட்டிருக்க மாட்டேன். மான்ஸ்டர் விஷயத்தில் இன்னும் வேண்டாம்தான். வி7 என்றால் என் எதிர்ப்பை வாபஸ் வாங்குகிறேன், இரண்டு நிபந்தனையோடு.

ஒன்று, தம்பி வண்டியில் காலை ஊன்றாமல் எட்டுப் போடுவது வர வேண்டும். கண் எங்கே பார்க்கிறதோ வண்டி அங்கேதான் போகும். முன் சக்கரத்தைப் பார்த்தால் சாய்வீர்கள். மெதுவாகத் திரும்பும்போது முன் பிரேக்கைத் தொடவே தொடாதீர்கள், பின் பிரேக் மட்டும், லேசாக. 200 கிலோ வண்டி ஹேண்டில் திரும்பியிருக்கும்போது முன் பிரேக்கால் நின்றால் யாராலும் பிடிக்க முடியாது, ஆறடி ஆளாலும் முடியாது.

இரண்டு, விழுந்த வண்டியைத் தூக்கப் பழகுங்கள். கையால் தூக்குவதில்லை. சாவியை அணைத்து, கியரில் போட்டு, வலப்பக்கம் விழுந்திருந்தால் சைடு ஸ்டாண்டை முதலில் நீட்டிவிட்டு, சீட்டுக்கு முதுகைக் கொடுத்துக் குந்தி, ஒரு கையால் ஹேண்டில் முனை, மறு கையால் பின்னால் ஃபிரேம், காலால் நடந்தே பின்னோக்கித் தள்ள வேண்டும். குஸ்ஸியில் சிலிண்டர் முட்டுக்கொடுப்பதால் முழுதாகப் படுக்காது, அந்த வகையில் உங்களுக்கு லாபம்.

இரண்டாம்கியர்:

எட்டுப் போடுவது இடப்பக்கம் வருகிறது, வலப்பக்கம் இன்னும் கால் இறங்குகிறது. பழகிவிடுகிறேன்.

மான்ஸ்டரைப் போய்ப் பார்த்தேன். காந்தம் ஒட்டியது, இரும்பு டேங்க். பெல்ட் பில் கேட்டேன். "அதெல்லாம் கம்பெனி போட்டது, அப்படியே இருக்கிறது, தொட்டதே இல்லை" என்று பெருமையாகச் சொன்னார். வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பின்னால் திரும்பிப் பார்க்கக்கூடாது என்று நினைத்தேன், பார்த்தேன்தான்.

வி7-க்கு ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. இன்னும் இரண்டு விரல் தாழ்வாக இருந்தால் பாதம் முழுதாக ஊன்றும். கடைக்காரர் பின் ஷாக்கை மாற்றித் தாழ்த்தித் தருகிறேன் என்கிறார். செய்யலாமா?

ஷாஃப்ட்டிரைவ்:

வேண்டாம். பின்பக்கம் மட்டும் தாழ்ந்தால் முன் ஃபோர்க்கின் சாய்வு மாறி, வண்டி திரும்பச் சோம்பல் படும். சைடு ஸ்டாண்டும் நீளமாகிவிடும். வண்டி அதிகம் நிமிர்ந்து நின்று, வலப்பக்கம் சாயத் தயாராக இருக்கும். சீட்டின் ஃபோமைத் தொடை இறங்கும் ஓரங்களில் செதுக்கிக் குறுக்குங்கள். உயரம் அப்படியே இருந்தாலும் கால் நேராகத் தரைக்கு இறங்கும், நீங்கள் கேட்ட இரண்டு விரலில் ஒன்றாவது அதிலேயே கிடைத்துவிடும். மிச்சத்துக்குக் கொஞ்சம் தடித்த அடிப்பாகமுள்ள பூட்ஸ். சீட் கவரைத் திரும்பத் தைக்க ஆள் தேட வேண்டியதும் இல்லை உங்களுக்கு.